ஒன்றைத் தூக்கினால் எவை கூட வரும்?
சிப் வரைபடத்தில் ஒட்டிய வடிவங்களைக் கணினி கண்டுபிடிப்பது எப்படி?

இலங்கையின் கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கண்டிக்குப் போகும் பஸ் ஒன்று வந்து நிற்கிறது. அகலமான இரும்புக் கல்லில் சின்னச் சின்னத் தோசைகளை அவசரமாக வார்க்கிறார்கள். சில தனியாக நிற்கின்றன. சில ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிட்டன. சிலவற்றின் ஓரம் மட்டும் பக்கத்துத் தோசையில் முட்டி ஒட்டிக்கொண்டது. இப்போது தட்டகப்பையை ஒரு தோசைக்கு அடியில் கொடுத்துத் தூக்கினால், எத்தனை தோசை கூடவே வரும்?

வார்ப்பவருக்குப் பார்த்ததுமே தெரியும். கணினிக்கு அப்படித் தெரியாது. அதற்குக் கண் இல்லை. ஒவ்வொரு தோசையும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற எண்கள் மட்டுமே இருக்கின்றன. கல்லில் பத்துத் தோசை இருந்தால் பரவாயில்லை. பல கோடி இருந்தால்? சிப்புக்கு லேஅவுட் வரைபவர்களும், அந்த லேஅவுட்டைச் சரிபார்க்க ஸ்கிரிப்ட் எழுதுபவர்களும் நாள்தோறும் விடை தேடுவது இந்தக் கேள்விக்குத்தான். எந்த வடிவம் எதன்மேல் ஏறியிருக்கிறது, எது எதோடு சேர்ந்திருக்கிறது, ஒன்றைத் தொட்டால் மின்சாரம் எதுவரை போகும் என்பதே அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

இந்தக் கல்லை வைத்துக்கொண்டே அந்த வேலை முழுவதையும் ஒருமுறை செய்து பார்ப்போம்.

கல்லில் என்ன இருக்கிறது?

சிப் லேஅவுட் என்பது மேலிருந்து பார்த்த படம். சிலிக்கன் தகட்டின்மேல் எந்த அடுக்கில், எந்த இடத்தில், என்ன வடிவத்தில் உலோகமோ வேறு பொருளோ இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. வடிவங்களில் பெரும்பாலானவை செவ்வகங்கள், மற்றவை பலகோணங்கள்.

இந்தப் படத்தைத் தொழிற்சாலைக்கு அனுப்ப இன்றும் புழக்கத்தில் இருக்கும் கோப்பு வடிவம் ஜிடிஎஸ்-2. கால்மா என்ற நிறுவனம் 1978இல் கொண்டுவந்தது. அதற்குள் திறந்து பார்த்தால் வடிவம் ஒவ்வொன்றுக்கும் இருப்பவை சொற்பம்: அடுக்கின் எண், வகை எண், மூலைகளின் ஆயத்தொலைகள். ஆயத்தொலைகள் எல்லாம் 32 பிட் முழு எண்கள். வழக்கமாக ஓர் அலகு ஒரு நானோமீட்டர். ‘இந்தச் செவ்வகம் அந்தச் செவ்வகத்தோடு இணைந்தது’ என்ற வரி அதில் எங்கேயும் கிடையாது. இணைப்பு எழுதி வைக்கப்படுவதில்லை. வடிவங்கள் இருக்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு முறையும் அதைக் கணக்கிட்டே எடுக்க வேண்டும்.

ஒரு காலத்தில் இதை மனிதக் கண்ணே செய்தது. 1971இல் வெளிவந்த இன்டெல் 4004 செயலியில் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள். அதன் லேஅவுட்டைக் கையால் வரைந்தார்கள். சிவப்புப் படலம் ஒட்டிய தாள்களில் கத்தியால் வெட்டினார்கள். கோடு கோடாகக் கண்ணால் சரிபார்த்தார்கள். இன்று மாணவர்கள் செய்யும் சிறிய சிப்பில்கூட அதைவிடப் பல மடங்கு வடிவங்கள் இருக்கும். சென்னை ஐஐடியின் சக்தி திட்டத்தில் உருவான செயலி 2018இல் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர்த் தொழில்நுட்பத்தில் சிப்பாக வெளிவந்தது. அந்த அளவு வேலையில் கண்ணை நம்ப முடியாது. வேண்டாத இரண்டு கம்பிகள் ஓரிடத்தில் முட்டினால் குறுக்குச் சுற்று; சேர வேண்டிய இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஒரு நானோமீட்டர் இடைவெளி விழுந்தாலும் வரைபடத்தில் அது அறுந்த கம்பி. சிப் அச்சாகி வந்த பிறகு உலோகத்தை ஒட்டவோ வெட்டவோ எளிய வழியில்லை. அதனால் ஒட்டியது எது, ஒட்டாதது எது என்பதைப் படமாக இருக்கும்போதே அறிந்துகொள்ள வேண்டும்.

ஏறியதா, தொட்டதா, மூலை முட்டியதா?

கடையில் ‘ஒட்டிவிட்டது’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவோம். ஸ்கிரிப்ட் எழுதும்போது அது போதாது. இரண்டு செவ்வகங்களுக்கு இடையே நான்கு வித உறவு இருக்கலாம். ஒன்றின் பரப்பு மற்றதன்மேல் ஏறியிருக்கலாம். ஓரத்தோடு ஓரம் தொடலாம். ஒரே ஒரு மூலைப் புள்ளியில் முட்டலாம். விலகியும் இருக்கலாம்.

ஐந்து செவ்வகங்களை எடுத்துக்கொள்வோம். எல்லா எண்களும் நானோமீட்டரில்.

அ: கிடையாக 0 முதல் 140 வரை, செங்குத்தாக 0 முதல் 1000 வரை.
ஆ: கிடையாக 140 முதல் 900 வரை, செங்குத்தாக 400 முதல் 540 வரை.
இ: கிடையாக 140 முதல் 280 வரை, செங்குத்தாக 1000 முதல் 1140 வரை.
ஈ: கிடையாக 800 முதல் 940 வரை, செங்குத்தாக 0 முதல் 1000 வரை.
உ: கிடையாக 1080 முதல் 1220 வரை, செங்குத்தாக 0 முதல் 1000 வரை.

சோதனை எளியது. இரண்டு செவ்வகங்களின் இடது எல்லைகளில் பெரியதை எடுங்கள். வலது எல்லைகளில் சிறியதை எடுங்கள். வலது எண் பெரிதாக இருந்தால் கிடைத்திசையில் இரண்டும் ஏறியிருக்கின்றன. இரு எண்களும் சமமானால் தொடுகின்றன. வலது எண் சிறிதானால் நடுவில் இடைவெளி. இதையே செங்குத்துத் திசைக்கும் செய்யுங்கள்.

ஆவையும் ஈயையும் பாருங்கள். கிடைத்திசையில் இடது எல்லைகளில் பெரியது 800, வலது எல்லைகளில் சிறியது 900; நூறு நானோமீட்டர் ஏற்றம். செங்குத்தில் 400க்கும் 540க்கும் நடுவே 140. இரண்டு திசையிலும் ஏற்றம் இருப்பதால் 14,000 சதுர நானோமீட்டர் பரப்பு பொதுவானது. இது மேலேறல்.

அவும் ஆவும்? கிடைத்திசையில் 140, 140, சமம். செங்குத்தில் ஏற்றம். ஒரு திசையில் சமமாகவும் மறு திசையில் ஏற்றமாகவும் இருந்தால் ஓரத் தொடல்.

அவும் இயும்? கிடையில் 140, 140. செங்குத்தில் 1000, 1000. இரண்டு திசையிலும் சமம். இது மூலை முட்டல்.

ஈக்கும் உவுக்கும் நடுவே 940இலிருந்து 1080 வரை 140 நானோமீட்டர் வெற்றிடம். இவை விலகியவை.

ஆயத்தொலைகள் முழு எண்களாக இருப்பதன் அருமை இங்கேதான் தெரியும். 140ம் 140ம் சமமா என்ற கேள்விக்கு ஐயமில்லாத விடை கிடைக்கிறது. தசமப் பின்ன எண்களில் கணக்கிட்டால் 139.99999 என்று ஏதாவது வந்து, தொட்டுக்கொண்டிருப்பவற்றைப் பிரித்துவிடும். மைக்ரோமீட்டர் தசமத்தில் எழுதிய ஸ்கிரிப்ட்டுகள் தடுமாறும் முதல் இடம் இது. ஒப்பிடுவதை எப்போதும் முழு எண் அலகிலேயே செய்ய வேண்டும்.

வடிவியல் ஒன்று, பொருள் வேறு

இந்த நான்கு உறவில் எது ‘இணைப்பு’? வடிவியல் அதைச் சொல்லாது. துறைதான் சொல்ல வேண்டும்.

இதே கணக்கு இன்னொரு துறையிலும் நடக்கிறது. இலங்கையில் 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டத்தின்கீழ், ‘பிம் சவிய’ என்ற பெயரில் 2007 முதல் காணிகளை அளந்து உரித்துப் பதிவு செய்கிறார்கள். நில அளவைத் திணைக்களம் வரையும் காணித் துண்டுகளும் பலகோணங்களே. அங்கே இரண்டு காணிகள் ஓரத்தோடு ஓரம் தொடுவது இயல்பு. பக்கத்து வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் எல்லை பொது. தொட்டதால் இரண்டும் ஒரே காணி ஆகிவிடாது. ஆனால் ஒன்றின்மேல் ஒன்று சிறிது ஏறினாலும் அது எல்லைத் தகராறு.

சிப்பில் நிலைமை தலைகீழ். ஒரே அடுக்கில் இரண்டு செவ்வகங்கள் ஓரத்தைத் தொட்டாலே போதும், அச்சில் அவை ஒரே உலோகம். கல்லில் ஓரம் முட்டிய இரண்டு தோசை மாவும் வெந்ததும் ஒன்றாகிவிடுவதைப் போலவே இதுவும். மேலேறுவதிலும் தவறில்லை, ஒரு கம்பியை இரண்டு செவ்வகங்களாக வரைவது அன்றாடப் பழக்கம்.

சிக்கல் மூலை முட்டலில்தான். இரண்டு தோசைகள் ஊசிமுனை அளவு தொடும்போது, தூக்கினால் சேர்ந்து வருமா, அறுந்துபோகுமா என்று வார்ப்பவரும் உறுதியாகச் சொல்லமாட்டார். சிப் ஆலையிலும் அப்படித்தான்: ஒளியால் அச்சிடும்போது கூர்மூலைகள் உருண்டுபோகும். அந்தப் புள்ளியில் உலோகம் சேரலாம், சேராமலும் போகலாம். அதனால் மூலை முட்டலை இணைப்பாகவும் எண்ண முடியாது, இடைவெளியாகவும் எண்ண முடியாது. அதைக் குறையாகக் குறித்து, வரைந்தவரிடம் திருப்பி அனுப்ப வேண்டும்.

ஆகவே முதல் வரி எழுதுமுன் முடிவுசெய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: நான் எதை ‘சேர்ந்தது’ என்கிறேன்? இதற்கு விடை தெரியாமல் எழுதிய ஸ்கிரிப்ட் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பயனில்லை.

முதலில் பெட்டி, பிறகு வடிவம்

தோசைகள் எல்லாம் நேர்த்தியாக அமைவதில்லை. சில நேரம் மாவு வளைந்து, கல்லின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை ‘ட’ போல ஓடிவிடும். பலகோணங்களும் அப்படித்தான். இரண்டு பலகோணங்களின் எல்லா ஓரங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட நேரம் ஆகும்.

அதனால் முதலில் ஒவ்வொரு வடிவத்தையும் முழுதாக அடக்கும் மிகச் சிறிய செவ்வகத்தை எடுத்துக்கொள்கிறோம். இதை எல்லைப் பெட்டி என்பார்கள். இரண்டு பெட்டிகள் விலகியிருந்தால், உள்ளே இருக்கும் வடிவங்களும் விலகியவையே; அதற்குமேல் ஒப்பிட வேண்டாம். பெட்டிகள் தொட்டாலோ ஏறினாலோ மட்டும் வடிவத்தை உற்றுப் பார்க்க வேண்டும்.

இங்கே வழுக்கும் இடம் ஒன்று உண்டு. பெட்டிகள் ஏறியிருப்பதால் வடிவங்களும் ஏறியிருக்கும் என்று பொருளில்லை. ‘ட’ வடிவத் தோசையின் வெற்று மூலைக்குள் ஒரு குட்டித் தோசை எதிலும் ஒட்டாமல் நிம்மதியாக இருக்கலாம்; பெட்டிக் கணக்கில் மட்டும் அது உள்ளே கிடப்பதாகத் தெரியும். லேஅவுட் மென்பொருள்களில் ‘இந்த இடத்தைத் தொடும் வடிவங்களைத் தா’ என்று கேட்கும் விரைவுத் தேடல்கள் பல, எல்லைப் பெட்டியை வைத்தே விடை தருகின்றன. அந்த விடையைக் கடைசி விடையாக எடுத்துக்கொண்டால், சேராத கம்பிகளைச் சேர்ந்ததாக ஸ்கிரிப்ட் அறிவித்துவிடும். பெட்டி தருவது சந்தேகப் பட்டியல் மட்டும். தீர்ப்பை வடிவமே தர வேண்டும்.

கல்லின்மேல் நகரும் ஈர்க்கு

பெட்டிச் சோதனை வேகமானதுதான். ஆனால் எத்தனை சோடிகளுக்கு அதைச் செய்வது? பத்து இலட்சம் வடிவங்கள் இருந்தால் சோடிகள் ஏறத்தாழ 50,000 கோடி. நொடிக்கு ஒரு கோடி சோடி பார்த்தாலும் கிட்டத்தட்ட 14 மணி நேரம். ஒரு செவ்வகத்தைத் திருத்திவிட்டு மறுபடி ஓட்டினால் இன்னொரு 14 மணி நேரம்.

இதற்கு வழி, கல்லின் இடது ஓரத்தில் ஓர் ஈர்க்கை நிமிர்த்தி வைத்து மெல்ல வலப்பக்கம் நகர்த்துவது. ஈர்க்கு ஒரு தோசையின் இடது ஓரத்தைத் தொட்டதும் அந்தத் தோசையைக் கையிலிருக்கும் பட்டியலில் சேர்க்கிறோம். அதன் வலது ஓரத்தைத் தாண்டியதும் பட்டியலிலிருந்து நீக்குகிறோம். புதிதாக ஒன்று சேரும்போது, அந்த நேரத்தில் பட்டியலில் இருப்பவற்றோடு மட்டும் ஒப்பிட்டால் போதும். ஈர்க்கு கடந்துபோன தோசையோடு இது ஒட்டியிருக்க வாய்ப்பே இல்லை; இன்னும் தொடாத தோசையோடு ஒட்டியிருந்தால், அது பட்டியலில் சேரும்போது ஒப்பிட்டுவிடுவோம். பட்டியலையும் மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தி வைத்தால், செங்குத்துத் திசையில் அருகில் இருப்பவற்றை மட்டும் பார்க்கலாம்.

நம் ஐந்து செவ்வகங்களில் ஓட்டிப் பார்ப்போம். ஈர்க்கு 0இல்: அ உள்ளே வருகிறது. 140இல்: ஆவும் இயும் வருகின்றன, அதே இடத்தில் அ முடிகிறது. வருவதை முதலில் எழுதுவதா, போவதை முதலில் நீக்குவதா? இந்தச் சின்ன வரிசையில்தான் தொடலின் தலைவிதி இருக்கிறது. அ செவ்வகத்தை முதலில் நீக்கிவிட்டால், ஆவோடு அது தொட்டது பதிவாகாமலே போகும். தொடலும் இணைப்பு என்று முடிவுசெய்திருந்தால், ஒரே இடத்தில் வருபவற்றை முதலில் சேர்த்து, ஒப்பிட்டு, பிறகே முடிபவற்றை நீக்க வேண்டும். 280இல் இ வெளியேறும். 800இல் ஈ வரும், பட்டியலில் ஆ மட்டும் இருக்கும், இரண்டும் ஏறியவை. 1080இல் உ வரும்போது பட்டியல் வெறுமை. ஐந்து வடிவங்களுக்குப் பத்துச் சோடி உண்டு. நாம் பார்த்தவையோ நான்கே நான்கு: அ-ஆ, அ-இ, ஆ-இ, ஆ-ஈ.

இதற்கு வருடு கோட்டு முறை என்று பெயர். கோட்டுத் துண்டுகள் வெட்டிக்கொள்ளும் இடங்களை இந்த வழியில் கண்டறியும் முறையை ஜான் பென்ட்லியும் தாமஸ் ஓட்மனும் 1979இல் வெளியிட்டார்கள். பத்து இலட்சம் வடிவங்களை வரிசைப்படுத்தத் தேவையான படிகள் சுமார் இரண்டு கோடி. அதோடு உண்மையிலேயே ஒட்டியிருக்கும் சோடிகளைக் குறிக்கும் வேலை. இரவு முழுவதும் ஓடவேண்டிய கணக்கு, தேநீர் ஆறுமுன் முடிந்துவிடும்.

சோடிகளிலிருந்து கூட்டத்துக்கு

இப்போது கையில் இருப்பது சோடிகளின் பட்டியல். நாம் கேட்டதோ கூட்டம்: ஒன்றைத் தூக்கினால் எவையெல்லாம் கூட வரும்? அ ஆவோடு ஒட்டியது; ஆ ஈயோடு ஒட்டியது. அவும் ஈயும் எங்கேயும் தொடவில்லை. ஆனாலும் அ செவ்வகத்தைத் தூக்கினால் ஈயும் வரும். இந்தத் தொடர் உறவைக் கண்டுபிடிப்பதுதான் இணைப்புக் கணக்கின் உயிர்.

முறை இதுதான். தொடக்கத்தில் ஒவ்வொரு தோசையும் தனிக் கூட்டம். அதுவே அதன் தலைவர். ஒரு சோடி வந்ததும், இருவருடைய தலைவர்களையும் கேட்கிறோம். தலைவர்கள் வேறானால், ஒருவரை மற்றவருக்குக் கீழே சேர்த்துவிடுகிறோம். ஒருவரே என்றால் செய்ய ஒன்றுமில்லை. அ-ஆ வந்ததும் ஆவின் தலைவர் அ. ஆ-ஈ வந்ததும் ஆவின் தலைவர் யார் என்று கேட்டால் அ. ஆகவே ஈயும் அவுக்குக் கீழே. மூலை முட்டலை இணைப்பாக எடுக்காததால் அ-இ சோடி தனியே குறைப் பட்டியலுக்குப் போகிறது. முடிவில் மூன்று கூட்டங்கள்: அ, ஆ, ஈ ஒன்று, இ ஒன்று, உ ஒன்று.

பெர்னார்ட் கேலரும் மைக்கேல் ஃபிஷரும் 1964இல் வெளியிட்ட முறை இது. இரண்டு சிறு ஒழுங்குகளைச் சேர்த்தால் வேகம் பெருகும். சிறிய கூட்டத்தைப் பெரிய கூட்டத்துக்குக் கீழே சேர்க்க வேண்டும். தலைவரைத் தேடிப் போன வழியில் இருப்பவர்களை எல்லாம் நேரடியாகத் தலைவரோடு கட்டிவிட வேண்டும். இப்படிச் செய்தால் ஒரு கேள்விக்குச் சராசரியாக ஆகும் நேரம் நடைமுறையில் மாறாத ஒரு சிற்றளவு என்பதை ராபர்ட் டார்ஜன் 1975இல் நிறுவினார்.

மின்னியலில் இந்தக் கூட்டத்துக்கு ‘நெட்’ என்று பெயர். ஒரு நெட்டில் எங்கே தொட்டாலும் ஒரே மின்னழுத்தம். மின்வழங்கி நெட்டும் தரை நெட்டும் ஒரே தலைவரைக் காட்டினால், சிப்பில் எங்கோ குறுக்குச் சுற்று இருக்கிறது.

இலையும் ஓட்டையும்

இதுவரை ஒரே அடுக்கு. சிப்பிலோ பல அடுக்கு. சுட்ட தோசைகளின்மேல் ஒரு வாழையிலையை விரித்து, அதன்மேல் இன்னொரு வரிசைத் தோசையை அடுக்குகிறோம் என்று வையுங்கள். மேலிருந்து பார்த்தால் மேல் தோசையும் கீழ்த் தோசையும் ஏறியிருப்பதாகவே தெரியும். ஆனால் நடுவில் இலை இருப்பதால் ஒட்டாது. இலையில் ஓரிடத்தில் ஓட்டை போட்டு, அதில் மாவை ஊற்றி நிரப்பினால், அந்த இடத்தில் மட்டும் இரண்டும் ஒட்டும்.

சிப்பில் இலை என்பது மின்கடத்தாப் படலம். மாவு நிரப்பிய ஓட்டைக்குப் பெயர் ‘வயா’. ஆக, அடுக்குகளுக்கு இடையே இணைப்பு விதி வேறு: முதல் உலோகம் இரண்டாம் உலோகத்தின்மேல் ஏறியிருப்பதால் மட்டும் இணைப்பு இல்லை. முதல் உலோகத்தை வயா தொட வேண்டும். அதே வயா இரண்டாம் உலோகத்தையும் தொட வேண்டும்.

கூகுளும் ஸ்கைவாட்டர் நிறுவனமும் 2020இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட 130 நானோமீட்டர்த் தொழில்நுட்பக் கோப்புகளில் இதை எண்ணாகவே பார்க்கலாம். முதல் உலோகம் 68ஆம் அடுக்கு, வகை 20. அதற்கு மேலுள்ள வயா 68ஆம் அடுக்கு, வகை 44. இரண்டாம் உலோகம் 69ஆம் அடுக்கு, வகை 20. முதல் உலோகக் கம்பியின் குறைந்த அகலம் 140 நானோமீட்டர். இரண்டு கம்பிகளுக்கு நடுவே குறைந்த இடைவெளியும் 140. நம் உதாரணத்தில் ஈக்கும் உவுக்கும் நடுவே விட்ட இடைவெளி அந்த விதியின் எல்லையிலேயே நிற்கிறது.

ஸ்கிரிப்ட்டில் இந்த விதிகளை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மத்தியாஸ் கோஃபர்லைன் உருவாக்கிய கேலேஅவுட் என்ற இலவச மென்பொருளில் ரூபியிலோ பைத்தனிலோ எழுதலாம். ‘முதல் உலோகம் தன்னோடு இணையும், முதல் உலோகம் வயாவோடு இணையும், வயா இரண்டாம் உலோகத்தோடு இணையும்’ என்று ‘கனெக்ட்’ கட்டளைகளை வரிசையாக எழுதியதும், நெட்டுகளை அது பிரித்துத் தருகிறது. ‘முதல் உலோகம் இரண்டாம் உலோகத்தோடு இணையும்’ என்று ஒரு வரி தவறி நுழைந்தால், குறுக்கே கடக்கும் கம்பிகள் எல்லாம் குறுக்குச் சுற்றாகத் தெரியும். வயா வரி ஒன்று விடுபட்டால் முழுச் சிப்பும் அறுந்து கிடக்கும்.

நிலப்படத்திலும் இதே விதி. 1867இல் கண்டியை எட்டிய ரயில் பாதையும், அதற்கு முன்பே கேப்டன் டோசன் போட்ட வீதியும் இதே கடுகண்ணாவை மலையில்தான் ஏறுகின்றன. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போன்ற படங்களில் இரண்டு கோடுகள் வெட்டுவதாகத் தெரிந்தாலும், அவற்றுக்குப் பொதுப் புள்ளி இல்லையென்றால் அங்கே சந்திப்பு இல்லை. ஒன்று மற்றதன் மேலேயோ கீழேயோ போகிறது. வழி தேடும் செயலி படத்தின் தோற்றத்தைப் பார்ப்பதில்லை, அந்தப் பொதுப் புள்ளியைத்தான் பார்க்கிறது.

ஸ்கிரிப்ட் எழுதும்போது

கேலேஅவுட்டில் ஓர் அடுக்கின் வடிவங்களை ‘ரீஜன்’ என்ற தொகுப்பாக எடுத்துக்கொள்வோம். ‘ஓவர்லாப்பிங்’ என்று கேட்டால் பரப்பு ஏறியவை மட்டும் வரும். ‘இன்டராக்டிங்’ என்று கேட்டால் ஏறியவையும் தொட்டவையும் வரும். இந்த இரண்டில் எதைத் தேர்வது என்பது சிறு விஷயம் அல்ல.

சிப்பில் ‘நியமக் கலம்’ எனப்படும் சிறு தர்க்கச் சுற்றுகளைச் செங்கல்போல வரிசையாக அடுக்குவார்கள். ஸ்கைவாட்டர் தொகுப்பில் பரவலாகப் பயன்படும் கல நூலகத்தில் ஒவ்வொரு கலமும் 2.72 மைக்ரோமீட்டர் உயரம். மேல் ஓரத்தில் மின்வழங்கித் தண்டு, கீழ் ஓரத்தில் தரைத் தண்டு. கலங்களைப் பக்கத்தில் பக்கமாக வைத்ததும் ஒரு கலத்தின் தண்டு முடியும் இடத்தில் அடுத்ததன் தண்டு தொடங்கும். ஏற்றம் இல்லாத வெறும் ஓரத் தொடல்தான். வரிசை முழுவதற்கும் மின்சாரம் அதன் வழியே ஓடுகிறது. இங்கே ‘ஓவர்லாப்பிங்’ என்று கேட்கும் ஸ்கிரிப்ட், ஒவ்வொரு கலத்தின் எல்லையிலும் மின்கம்பி அறுந்ததாகச் சொல்லும். உண்மையில் அறுந்த கம்பி அந்தப் பொய்க் குறைகளின் குவியலில் மறைந்துபோகும்.

இரண்டாவது கவனம், இணைத்துப் பார்க்கும் இயல்பு. ரீஜன் தன்னிடமுள்ள வடிவங்களைத் தானாகவே ஒன்றுசேர்த்துப் பார்க்கும். தொட்டவை எல்லாம் ஒரே பலகோணம். நெட் கணக்குக்கு இது நல்லது. ஆனால் ‘ஒரே செவ்வகத்தை யாராவது இரண்டு தடவை வரைந்திருக்கிறார்களா?’ என்று தேடினால் விடை கிடைக்காது. ஒட்டி வெந்துவிட்ட தோசையைப் பார்த்து அதில் எத்தனை கரண்டி மாவு என்று கேட்க முடியாது. வார்க்கும்போதே எண்ணியிருக்க வேண்டும். ஆகவே அத்தகைய தேடலுக்கு இந்த இயல்பை நிறுத்திவிட்டு, மூல வடிவங்களை அப்படியே பார்க்க வேண்டும்.

மூன்றாவது, கலங்களின் படிநிலை முறை. ஒரே கலம் ஆயிரம் இடங்களில் வைக்கப்பட்டிருந்தாலும் கோப்பில் அதன் வரைவு ஒன்றுதான். மற்றவை ‘அதை இங்கே வை’ என்ற குறிப்புகள். எல்லாவற்றையும் அடக்கிய மேல் கலத்தின் சொந்த வடிவங்களை மட்டும் பார்க்கும் ஸ்கிரிப்ட்டுக்கு உள்ளே இருப்பவை தெரியாது. எல்லாவற்றையும் பிரித்துக் கொட்டினால் தெரியும், ஆனால் நினைவகம் தாங்காது. நல்ல கருவிகள் ஒரு கலத்துக்குள் இருக்கும் இணைப்பை ஒரு முறை மட்டும் கணக்கிட்டு, கலங்கள் ஒன்றையொன்று தொடும் எல்லைகளை மட்டும் மேல்மட்டத்தில் பார்க்கின்றன. சொந்தமாக எழுதுபவர்கள், கலத்துக்குள் இறங்கும் தேடலைப் பயன்படுத்தி, ஒவ்வொரு வடிவத்தையும் அது உண்மையில் அமர்ந்திருக்கும் இடத்துக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும்.

சிறிய கல்லில் முதலில் வார்த்துப் பாருங்கள்

இந்த வேலை பெரிய நிறுவனங்களின் பூட்டிய அறைக்குள் மட்டும் நடந்த காலம் போய்விட்டது. கேலேஅவுட் இலவசம். ஸ்கைவாட்டர் கோப்புகள் திறந்தவை. ஜான் ஆஸ்டர்ஹவுட்டும் மாணவர்களும் 1980களில் பெர்க்லியில் உருவாக்கிய மாஜிக் என்ற லேஅவுட் கருவியை இன்றும் இறக்கிப் பயன்படுத்தலாம். கடுகண்ணாவையிலிருந்து கண்டிப் பக்கம் போனால் வரும் பேராதனையில் பொறியியல் பீடம் இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைக்கும், அந்த வாய்ப்புக் கிட்டாமல் மலைநாட்டில் வீட்டிலிருந்தே கற்கும் பிள்ளைக்கும், கோப்பும் கருவியும் ஒன்றே. சாதாரண மடிக்கணினி போதும்.

தொடங்குபவர் கோடி வடிவங்களில் தொடங்க வேண்டாம். இந்தக் கட்டுரையின் ஐந்து செவ்வகங்களை முதல் உலோகத்தில் வரையுங்கள். உவின் நடுவே ஒரு வயாவும், அதை மூடும்படி இரண்டாம் உலோகத்தில் ஒரு பட்டையும் போடுங்கள். பட்டையை இடப்பக்கம் நீட்டி, வயா இல்லாமலே ஈயைக் கடக்கவிடுங்கள். விடை முன்கூட்டியே தெரியும்: அ, ஆ, ஈ ஒரு நெட், உவும் பட்டையும் ஒரு நெட், இ தனி, அ-இ மூலை முட்டல் ஒரு குறை. உங்கள் ஸ்கிரிப்ட் ஈயையும் பட்டையையும் சேர்த்துவிட்டால் அடுக்கு விதி பிழை. அ, ஆ இரண்டையும் பிரித்துவிட்டால் தொடல் விதி பிழை. இயை அவோடு சேர்த்துவிட்டால் மூலை விதி பிழை. எங்கே பிழை என்பதை விடையே காட்டிக்கொடுக்கும். இந்தச் சிறிய படத்தில் சரியாக விடை சொல்லும் ஸ்கிரிப்ட்டைத்தான் பெரிய படத்தின்மேல் ஓட்டத் துணியலாம். எதைச் ‘சேர்ந்தது’ என்கிறோம் என்ற முடிவு வரைபவருடையது. அந்த முடிவைக் கோடிக்கணக்கான வடிவங்களில் சலிக்காமல் பின்பற்றுவது கணினியின் பங்கு.